பாக்கெட் ஹோல் ஜிக் வாங்கலாமா? எட்டு மாதத்தில் ஐந்து சாமான்கள் செய்து பார்த்த பிறகு

முதலில் செய்தது ஒரு செருப்பு ஸ்டாண்ட். இரண்டு பக்கப் பலகை, மூன்று தட்டு, அவ்வளவுதான். அதே ஸ்டாண்டை இதற்கு முன்னால் ஒரு தடவை செய்திருந்தேன், பக்கப் பலகையின் வெளிப்புறத்திலிருந்து நேராக ஸ்குரூவை இறக்கி, தட்டின் முனைக்குள் ஏற்றி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒவ்வொரு தட்டும் விழப்போகிற பல் மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது. இறுக்கப் பார்த்தால் ஸ்குரூ இறுகவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை பாக்கெட் ஹோல் ஜிக் வைத்துச் செய்தேன், பலகையில் ஸ்குரூவுக்குச் சாய்வாகத் துளை போட வழிகாட்டுகிற ஒரு சின்னக் கருவி அது. எட்டு மாதம் ஆகிறது. நேற்று ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அந்த ஸ்டாண்டுக்குப் பிறகு ஏறி நிற்க ஒரு சின்ன ஸ்டூல், ஒரு புத்தக அலமாரி, சோபா பக்கத்தில் வைக்க ஒரு மேசை, பிற்பாடு அந்த மேசைக்கே ஒரு இழுப்பறை என்று மொத்தம் ஐந்து சாமான்களை இந்த ஒரு கருவியை நம்பிச் செய்தேன். நான் தச்சு வேலை கற்றவன் இல்லை, வார இறுதியில் மட்டும் ரம்பத்தைத் தொடுபவன். அப்படிப்பட்ட ஆளுக்கு இது உபயோகப்படுமா என்று கேட்டால் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். ஆனால் இது சுலபமாக்குவது பொருத்துகிற வேலையை மட்டும்தான். அளப்பதிலும் அறுப்பதிலும் இதனால் ஒரு உதவியும் கிடையாது, அங்கே கோணல் வந்தால் அந்தக் கோணலையும் சேர்த்து இறுக்கிப் பூட்டிவிடும்.

என்னிடம் இருப்பது இரண்டு துளை உள்ள, பிளாஸ்டிக் உடம்பு ஜிக். கம்பெனிப் பெயர் சொல்லவில்லை, இந்த இரண்டு துளை வகையில் யார் செய்திருந்தாலும் உள்ளே நடக்கிற விஷயம் ஒன்றுதான். பெட்டியில் ஜிக், படி மாதிரி இரண்டு தடிமன் உள்ள ஒரு டிரில் பிட், அந்த பிட்டில் மாட்டுகிற நிறுத்து வளையம், வளையத்தை இறுக்க ஒரு சின்ன எல் சாவி, ஸ்குரூ ஏற்ற நீளமான சதுர முனை பிட் ஒன்று, கொஞ்சம் ஸ்குரூ, எல்லாம் இருந்தன. பலகைகளை அசையாமல் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் இல்லை. அது பெரிய விஷயம், பிறகு வருகிறேன்.

இது என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: பலகையின் முனைப் பக்கமாக அதன் முகத்தில் ஜிக்கைப் பொருத்தி, உள்ளே இருக்கிற எஃகுக் குழாய் வழியாக டிரில்லை விட்டால் 15 டிகிரி சாய்வில் ஒரு துளை விழும். மேல் பாதி பெரிய துளை, 9.5 மில்லிமீட்டர். அது நடுவழியில் நின்றுவிட, அங்கிருந்து ஒரு மெல்லிய வழித்துளை மட்டும் பலகையின் முனையை நோக்கிப் போகும். பெரிய துளை நிற்கிற இடத்தில் தட்டையாக ஒரு விளிம்பு கிடைக்கிறது. ஸ்குரூவின் தலை அந்த விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த பலகையைக் கடித்துத் தன் பக்கம் இழுக்கிறது. மேலிருந்து பார்த்தால் துளை நீள்வட்டமாக, சட்டைப் பையின் வாய் மாதிரி தெரியும்.

என் பழைய ஸ்டாண்ட் ஏன் ஆடியது என்பது இதைப் பிடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மரத்தை இறுக்கிக் கட்டிய துடைப்பக் குச்சிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகளின் நுனிப் பக்கமாக ஓர் ஆணியைச் செருகினால் குச்சிகள் விலகி வழி விட்டுவிடும், பிடிமானமே இருக்காது. பக்கவாட்டில் குறுக்கே செருகினால் அத்தனை குச்சியும் சேர்ந்து ஆணியைப் பிடிக்கும். நான் முதலில் செய்தது நுனிப் பக்கமாகச் செருகியது. ஸ்குரூவின் மரை தட்டின் முனைக்குள், நார் ஓடுகிற திசையிலேயே போய், நார்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. ஜிக்கில் இது தலைகீழாகிறது. துளை தட்டில் இருக்கிறது, ஸ்குரூ தட்டின் முனை வழியாக வெளியே வந்து பக்கப் பலகையின் உடம்பில், நாருக்குக் குறுக்கே கடிக்கிறது. அதனால் எந்தப் பலகையின் முனை போய் மோதுகிறதோ அந்தப் பலகையில்தான் துளை போட வேண்டும். மாற்றிப் போட்டால் பழைய ஸ்டாண்ட்தான் திரும்பக் கிடைக்கும்.

முதல் துளை போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பைன் பலகை, 18 மில்லிமீட்டர். மேசை விளிம்பில் ஜிக்கையும் பலகையையும் சேர்த்து கிளாம்பில் இறுக்கினேன். பிட் மரத்தைத் தொடுவதற்கு முன்பே டிரில்லை முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தொட்ட பிறகு சுற்ற ஆரம்பித்தால் துளையின் வாய் பிய்ந்துவிடும். ப்ளைவுட்டில் இது இன்னும் மோசம், மேல் தோல் செதில் செதிலாகக் கிளம்பும். வேகம் ஏற்றி மெதுவாக அழுத்தினேன், ஜிக்கின் பக்கவாட்டு ஓட்டை வழியாக வெண்ணிறச் சுருள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தது. பாதி ஆழத்தில் ஒரு தடவை பிட்டை மேலே இழுத்து சுருளை வெளியே தள்ளிவிட்டு மறுபடி இறங்கினேன். படி மாதிரி இருக்கிற முனை அடியை நெருங்கும்போது சத்தம் மாறும், கொஞ்சம் கனத்த சத்தம், அப்புறம் நிறுத்து வளையம் குழாயின் வாயில் வந்து தட்டும். முடிந்தது. ஒரு துளைக்குப் பத்து விநாடி ஆகியிருக்கலாம். ஒரு மரத்தில் துளை வெட்டி இன்னொன்றின் நாக்கை அதில் செருகிப் பொருத்துகிற முறையான வேலையை உளி வைத்து ஒரே ஒரு தடவை முயற்சி செய்திருக்கிறேன், அரை நாள் ஆனது, அதுவும் தளர்வாகத்தான் வந்தது. அதனால் இந்தப் பத்து விநாடி எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது குறைகள். முதல் குறை அந்த நிறுத்து வளையம். வளையத்தைப் பிட்டில் பிடித்து வைப்பது கடுகளவு ஸ்குரூ ஒன்றுதான். இருபது, இருபத்தைந்து துளைக்குப் பிறகு அது அதிர்வில் தளர்ந்து வளையம் மேலே ஏறிவிட்டது, எனக்குத் தெரியவில்லை. வளையம் ஏறினால் துளை ஆழமாகப் போகும், ஆழமாகப் போனால் ஸ்குரூவின் தலை முனைக்கு நெருக்கமாக உட்காரும், மறுமுனை அந்த அளவுக்கு அதிகமாக வெளியே நீளும். அலமாரியின் பக்கப் பலகையில், வெளி முகத்தில், இரண்டு இடத்தில் ஸ்குரூ நுனி ஊசி மாதிரி எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேலை செய்து மெருகேற்றத் தயாராக வைத்திருந்த பலகை அது. மனசு விட்டுப்போயிற்று. இப்போது வளையத்தை இறுக்கியதும் அதை ஒட்டி பிட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். ஐந்து துளைக்கு ஒரு தடவை கோட்டைப் பார்ப்பேன். கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நிறுத்திவிடுவேன். இந்தக் குறை விலை கூடிய மாடல்களில் இல்லாமல் இருக்கலாம், என்னுடையதில் இருக்கிறது.

வளையத்தை எங்கே வைப்பது என்பதும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஜிக்கில் இருக்கிற அடையாளங்கள் அங்குலக் கணக்கில் வடிவமைத்தவை. முக்கால் அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டர், நாம் வாங்குவதோ 18, அதிலும் ப்ளைவுட் என்றால் பல சமயம் சொன்ன அளவுக்கு கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதனால் அடையாளத்தை மட்டும் நம்பாமல், பிட்டைக் குழாய்க்குள் விட்டு, அதன் நுனிக்கும் ஜிக்கின் அடிப்பகுதிக்கும் நடுவில் ஒரு நாணயத்தின் கனம் இடைவெளி இருக்கிற மாதிரி வளையத்தைப் பூட்டுகிறேன். பிறகு அதே பலகையின் கழிவுத் துண்டு இரண்டை எடுத்து ஒரு பொருத்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நல்ல பலகையைத் தொடுவது. இரண்டு நிமிட வேலை. செய்யாத நாளில்தான் தப்பு நடந்திருக்கிறது.

ஸ்குரூ நீளத்தில் ஏமாறாதீர்கள். 18 அல்லது 19 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர் ஸ்குரூ, 12 மில்லிமீட்டருக்கு 25, 38 மில்லிமீட்டர் கட்டைக்கு 64. இரண்டு பலகையும் வேறு வேறு கனம் என்றால் மெல்லியதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். இழுப்பறை செய்யும்போது 18 மில்லிமீட்டர் முன்பலகையை 12 மில்லிமீட்டர் பக்கத்தோடு சேர்க்க 32 மில்லிமீட்டர் ஸ்குரூவையே போட்டேன். அது 18 மில்லிமீட்டர் பலகையைத் தாண்டி இன்னும் 15, 16 மில்லிமீட்டர் நீளும் என்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பக்கப் பலகையைக் கழற்றி வேறு வெட்ட வேண்டியதாயிற்று.

அதோடு, வீட்டில் கிடக்கிற சாதாரண ஸ்குரூவை இதில் போடாதீர்கள். சாதாரண ஸ்குரூவின் தலைக்கு அடிப்பக்கம் கூம்பாக இருக்கும். இந்தத் துளையின் விளிம்போ தட்டை. கூம்பு போய் தட்டை விளிம்பில் ஆப்பு மாதிரி இறங்கி மரத்தைப் பிளந்துவிடும். இதற்கென்று வருகிற ஸ்குரூவில் தலையோடு சேர்ந்தே ஒரு வாஷர் மாதிரி தட்டை அடி இருக்கும், நுனியும் தானே வெட்டிக்கொண்டு போகிற நுனி. சுவர்ப் பலகைக்கு அடிக்கிற கறுப்பு ஸ்குரூவும் வேண்டாம், அது கடினப்படுத்திய எஃகு, வளையாது, தலை பட்டென்று ஒடிந்து உடம்பு மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மரையும் இரண்டு வகை: பைன் மாதிரி மென்மரம், ப்ளைவுட் எல்லாவற்றுக்கும் அகலமான மரை, கடின மரத்துக்கு நெருக்கமான மரை. கடின மரத்தில் அகல மரையைப் போட்டால் விளிம்புப் பக்கம் கீறல் விடும். தலையில் இருக்கிற சதுரக் குழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கனடாவின் பி.எல். ராபர்ட்சன் 1909-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. நட்சத்திரத் தலையில் பிட் நழுவி மேலே ஏறித் தலையைத் தேய்ப்பது மாதிரி இதில் நடப்பதில்லை. சாய்வான துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தலை இருக்கும்போது அந்தப் பிடி ரொம்பவே உதவுகிறது.

சரி, கிளாம்ப். இதைப் பெட்டியோடு கொடுக்காதது இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிளாம்ப் இல்லாமல் இந்த ஜிக் பாதி ஜிக்தான். ஸ்குரூ சாய்வாகப் போகிறது இல்லையா, அது இறுகும்போது பலகையை அடுத்த பலகையின் பக்கம் மட்டும் இழுக்காது, சாய்வின் திசையில் கொஞ்சம் தள்ளவும் செய்யும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்குரூ ஏற்றினால் கடைசி அரைச் சுற்றில் பலகை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் நகரும், நான் முழங்காலால் அழுத்திக்கூடப் பார்த்துவிட்டேன். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டால், நாலு மூலை சேரும்போது சட்டம் நிமிர்ந்து நிற்காது. பூட்டிக்கொள்கிற குறடு மாதிரி, இரண்டு தாடையிலும் வட்டத் தகடு வைத்த கிளாம்ப் ஒன்று வருகிறது, அதைப் பொருத்தின் மேலும் கீழுமாகக் கவ்வி வைத்தால் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பலகையின் முனை இன்னொரு பலகையின் முகத்தில் மோதுகிற இடத்தில் அந்தக் கிளாம்ப் எட்டாது, அங்கே நீளமான கிளாம்ப் இரண்டு வேண்டும். ஜிக் வாங்கத் தொகை ஒதுக்கினால் அதே அளவு கிளாம்புக்கும் ஒதுக்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் கிளாம்ப்பை வாங்குங்கள், ஜிக் அடுத்த மாதம் வரட்டும்.

இறுக்குவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. டிரில்லின் கழுத்தில் இருக்கிற இறுக்க வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்து ஆரம்பித்து, போதாவிட்டால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். ப்ளைவுட்டில் அதிகமாக இறுக்கினால் மரை மரத்தைக் கடைந்துவிட்டுச் சுற்ற ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு அந்தத் துளை உபயோகமில்லை. மரநாரைப் பசை கலந்து அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையின் விளிம்பில் ஏற்றினாலோ பலகை நடுவாக விரிந்தே போகும், அதனால் எம்டிஎஃப்புக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டூல் கதைக்கு வருகிறேன். 25 சென்டிமீட்டர் உயரம், நாலு பக்கமும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், மேலே ஒரு பலகை, எல்லாத் துளையும் உள்பக்கம், வெளியே ஒன்றுகூடத் தெரியாது. பசை காய்ந்த மறுநாள் என் மகள் ஏறி நின்று இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது ஆடவே இல்லை” என்றாள். அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் தச்சு வேலை செய்கிற நண்பர் ஒருவர் வந்திருந்தார், என்னைவிட மூத்தவர். ஸ்டூலைக் கவிழ்த்து துளைகளைப் பார்த்தார், இரண்டு எதிர் மூலையைப் பிடித்து முறுக்கினார். “தம்பி, இது பெட்டி மாதிரி மூடியிருக்கு, அதனால நிக்குது. இதே தைரியத்துல நாற்காலி செஞ்சிடாதீங்க.” ஏன் அண்ணே என்றேன். அவர் ஒரு கழிவுத் துண்டில் போட்டிருந்த பொருத்தை எடுத்து, துளை இருக்கிற பக்கம் உள்ளே மடங்குகிற மாதிரி வளைத்தார். எதிர்ப் பக்கம் மெல்லிய கோடாக வாய் திறந்தது. மறு திசையில் வளைத்தபோது அவ்வளவு சுலபத்தில் திறக்கவில்லை. ஸ்குரூ ஒரு முகத்திலிருந்து மட்டும் இழுக்கிறது, மற்ற முகத்தில் பிடிக்க ஆள் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் பின்காலும் உட்காரும் சட்டமும் சேர்கிற இடத்தில் நடப்பது இந்த வளைப்புதான், தினமும் நூறு தடவை. அதனால் நாற்காலி, ஊஞ்சல், ஆள் எடை தொங்குகிற எதற்கும் இது சரிப்படாது. ஸ்டாண்ட், அலமாரி, பெட்டி, மேசைச் சட்டம், படச் சட்டம், கதவு முகப்பு இவற்றுக்கு நன்றாகவே போதும்.

புத்தக அலமாரியில் ஜிக் தன் வேலையைச் சரியாகச் செய்தது, தப்பு முழுக்க என் கணக்கில். தட்டின் நீளம் 90 சென்டிமீட்டர் வைத்தேன், பார்க்க நீளமாக அழகாக இருக்கும் என்று. புத்தகம் அடுக்கி மூன்று மாதத்தில் நடுவில் தொய்வு கண்ணுக்கே தெரிந்தது. தட்டின் மேல் புத்தகம் சீராக நிரம்பியிருந்தால், நீளத்தைப் பாதியாக்கும்போது தொய்வு பதினாறில் ஒன்றாகக் குறையும். கனத்தை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒன்று. இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் நடுவில் ஒரு தடுப்புப் பலகை கொடுத்து ஆரம்பித்திருப்பேன். இப்போது தட்டின் முன் விளிம்புக்கு அடியில் 38 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கட்டையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், தொய்வு நின்றுவிட்டது. முதுகுப் பலகையை விட்டுவிடாதீர்கள். 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்தான், ஆனால் அது இல்லாத வரைக்கும் அலமாரியை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாகச் சரிந்தது, ஆணி அடித்த பிறகு தோளால் தள்ளினாலும் அசையவில்லை. முதுகுப் பலகை அடிப்பதற்கு முன்னால் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் 90 டிகிரியில் இருக்கின்றன. ஒன்று நீளம் என்றால் அந்த மூலைகளை கிளாம்பால் இழுத்து அமுக்கிச் சரிசெய்துவிட்டு அப்புறம் அடிக்கலாம்.

மேசைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. மேல் பலகைக்கு மூன்று திட மரப் பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி 45 சென்டிமீட்டர் அகலம் கொண்டுவந்தேன். உப்புத்தாளில் 80, 120, 180 என்று தேய்த்து எண்ணெய் பூசியபோது மரத்தின் ரேகை எழும்பி வந்த அழகை இன்னும் மறக்கவில்லை. பிறகு கீழ்ச் சட்டத்தின் உள்முகத்தில் ஜிக்கால் துளை போட்டு மேல் பலகையை எட்டு ஸ்குரூவில் அசையாமல் இறுக்கினேன். அசையாமல் இறுக்கியதுதான் தப்பு. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், காற்று வறண்டால் சுருங்கும், அதுவும் நார் ஓடுகிற நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, அகலவாக்கில்தான் எல்லாம். ஈரமான மாதங்கள் முடிந்து காற்று காய்ந்தபோது பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை, ஓர் இரவில் டப் என்று சத்தம். காலையில் பார்த்தால் ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. ஒட்டிய இடத்தில் விடவில்லை, அதன் பக்கத்தில் மரமே பிளந்திருந்தது. பசை மரத்தைவிட பலமாக இருந்திருக்கிறது. ஆகவே திட மரத்தில் மேல் பலகை என்றால் பாக்கெட் ஸ்குரூவால் பூட்டாதீர்கள். சட்டத்தின் உள்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு முனை செருகி மறுமுனை மேல் பலகையோடு திருகப்படுகிற சின்ன மரத்துண்டுகளை வைத்தால் பலகை சுருங்கவும் விரியவும் நகர்ந்துகொள்ளும். எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் உலோகத் தகடும் வருகிறது, நான் மறுபடி செய்தபோது அதைத்தான் போட்டேன். ப்ளைவுட்டில் மேல் பலகை என்றால் இந்தக் கவலையே இல்லை, அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது அவ்வளவாக அசைவதில்லை.

இழுப்பறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியின் முன்பலகையில் வெளிமுகத்தில் துளை போட்டு, அதை மறைக்க மேலே ஓர் அலங்கார முகப்பை ஒட்டிவிட்டால் துளை எங்கே என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றிலும் இப்படித்தான், துளையை எங்கே ஒளிப்பது என்று படம் வரையும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மூடுவதற்குச் சாய்வாக வெட்டிய மர அடைப்பான் கிடைக்கிறது, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ரேகையும் நிறமும் ஒத்துப்போகாமல் துளை இருந்ததைவிட அதுதான் துருத்திக்கொண்டு தெரிந்தது. பெயின்ட் அடிக்கிற சாமானுக்கு மட்டும் சரி.

பசை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடுங்கள். சாதாரண வெள்ளை மரப்பசை போதும். முனைப் பக்கம் பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அங்கே அதன் பலம் குறைவு, ஆனாலும் பொருத்து தளராமல் இருக்க உதவுகிறது. இங்கே ஜிக்கின் நல்ல குணம் என்னவென்றால், ஸ்குரூவே கிளாம்ப் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் பசை காய்கிற வரை ஒவ்வொரு பொருத்துக்கும் கிளாம்ப்பை மாட்டி வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த மூலைக்குப் போகலாம். முழு பலம் வர ஒரு நாள் விடுங்கள், அதற்குள் ஏறி நிற்க வேண்டாம்.

தூசி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். துளை போடும்போது வருவது பெரும்பாலும் சுருள்தான், அது கீழே விழுந்துவிடும், தேய்க்கும்போது வருகிற மாவுதான் நுரையீரலுக்குப் போகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. முகத்தில் ஒட்டி உட்காரும் மாஸ்க், கண்ணுக்கு கண்ணாடி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் அந்த அறையில் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துத் தனியாக வெளியே காயப்போடுங்கள்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். நேராக அறுக்க வசதி இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பலகையின் முனை 90 டிகிரியில் இல்லாவிட்டால் ஜிக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொருத்தில் ஒரு பக்கம் இடைவெளி நிற்கும். ஒரு நல்ல மூலைமட்டம், ரம்பம் விலகாமல் ஓட வழிப்பலகை ஒன்று, இவை கைவசம் வந்த பிறகு வாங்கினால் முதல் சாமானே நன்றாக வரும். மரம் விற்கிற இடத்திலேயே அளவு கொடுத்து நேராக அறுத்து வாங்க முடிந்தால் அது இன்னும் நல்லது, நான் அலமாரிப் பலகைகளை அப்படித்தான் வாங்கினேன், ஐந்தில் மூலைகள் மிகச் சரியாக வந்தது அதில்தான். அதே மாதிரி உளியும் இழைப்புளியும் வைத்து மரத்தையே மரத்தோடு கோத்துப் பொருத்தக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இது தேவையில்லை. அந்த வேலையின் அழகு வேறு, எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு.

இதுவரை நூறு துளைக்கு மேல் போட்டாயிற்று. போன வாரம் கடின மரத் துண்டு ஒன்றில் துளை போட்டபோது சுருளுக்குப் பதிலாகப் பொடியாக வந்தது, லேசாகக் கருகிய வாடையும் அடித்தது. பிட் மழுங்கிவிட்டது. ஜிக்கின் உள்ளே எஃகுக் குழாயில் தேய்மானம் எதுவும் தெரியவில்லை. பிளாஸ்டிக் உடம்பில் தடிமன் மாற்றுகிற நெம்புகோல் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அமைத்த பிறகு அதன் மேல் ஒரு ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுகிறேன். புது பிட் வந்ததும், வெடித்த அந்த மேசைப் பலகையை வெடிப்போடு நீளவாக்கில் அறுத்து, கிடைக்கிற இரண்டு துண்டில் நல்லதை வைத்து மகளுக்கு ஒரு சின்ன எழுத்துப் பெட்டி செய்யப் போகிறேன். துளைகளை அடிப்பக்கம் வைத்து வரைந்தாயிற்று.